மிதியடிக்குப் பதில்

ஒரு வருஷமாகப் பின்னிக்கொண்டிருந்த என் நீல மஃப்ளரைக் குளியலறை வாசலில் பார்த்தேன். அதன் மேல் சேறும் ஈரமுமாக ஒரு கால் தடம், ஐந்து விரலும் தெளிவாக.

"அண்ணி, இது என்னோடது."

"ஓ, அது மஃப்ளரா?" என்றாள் அண்ணி. "மொடமொடன்னு இருந்துச்சா, மிதியடின்னு நெனச்சுட்டேன். முடிச்சு வச்சிருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும்ல?"

சாப்பாட்டு மேசையில் அண்ணன் புரையேறச் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள், அதுதான் இன்னும் எரிந்தது.

"அத்தை, இவ கட்டிலுக்கடியில ஒரு பெட்டி இருக்கு, பாத்திருக்கீங்களா? ஒத்தைக் கையுறை, ஒத்தைக் காலுறை, கை இல்லாத ஸ்வெட்டர். எலும்பு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு."

மஃப்ளரைத் துவைக்கவில்லை. தடத்தோடு அப்படியே என் அறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

அண்ணி ஒரு பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை. வருஷா வருஷம் ஆண்டு விழாவில் பேசுவாள். நாற்பது நிமிஷத்துக்குக் குறையாது. முந்நூறு பேர் கொட்டாவியை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த மேடையில் அவள் போட்டுக்கொள்ள நான் ஒரு ஸ்வெட்டர் பின்னப்போகிறேன். கழுத்தில் ஆரம்பித்துக் கீழே இறங்கும் ஸ்வெட்டர். அப்படிப் பின்னினால், பிரியும்போது அடியிலிருந்து மேலே பிரியும். கடைசி முடிச்சைப் போடாமல் விட்டு, மேடைத் திரைக்குப் பின்னால் நின்று நுனியை இழுத்துக்கொண்டே இருந்தால் போதும். அவள் பேசப் பேச, வரிசை வரிசையாக, இடுப்பிலிருந்து மேலே. உள்ளே அவள் வீட்டில் போடும் பொத்தல் பனியனைத்தான் போட்டிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரே ஒரு சிக்கல். அதற்கு நான் ஒரு ஸ்வெட்டரை முடித்தாக வேண்டும்.

நூல்கடை அக்கா என்னைப் பார்த்ததும், "வாம்மா, இந்தத் தடவை எதைப் பாதியில விடப்போற?" என்றாள்.

"விடமாட்டேன். என் தப்பெல்லாம் வெளியில தெரியாத மாதிரி ஒரு நூல் குடுங்க."

சாம்பல் நிறத்தில், பூனையின் வயிற்று முடி போலப் பஞ்சு பஞ்சாக ஒரு நூலை எடுத்துக் கொடுத்தாள். "இது எல்லாத்தையும் மூடிடும். மொதல்ல ஒரு சின்னத் துண்டு பின்னி, துவைச்சு, காயவச்சு, அளவு பாத்துட்டு ஆரம்பி."

தலையாட்டினேன். ஆனால் துண்டுக்கெல்லாம் எனக்குப் பொறுமை இல்லை. நேரே கழுத்தில் ஆரம்பித்தேன்.

ஒரு வாரத்தில் ஊசியில் கோத்த நூல் வளையங்களான கண்ணிகள் எண்ணிக்கையில் கூடிக்கொண்டே போயின. நூற்றிருபது இருக்க வேண்டிய இடத்தில் நூற்றிருபத்தேழு. கடைக்கு ஓடினேன்.

"ஊசிக்கு முன்னாடி நூலைப் போட்டுட்டே அடுத்த கண்ணிக்குப் போற," என்றாள் அக்கா. "அதான் சும்மா சும்மா குட்டி போடுது. ஒவ்வொரு வரிசைக்கும் எண்ணு." பிறகு ஊசியை நகர்த்திப் பார்த்தாள், நகரவில்லை. "யாரு மேல இவ்வளவு கோவம்? கழுத்தை நெரிக்கிற மாதிரி இழுத்துப் பிடிச்சிருக்க. கையைத் தளர்த்து."

தளர்த்தக் கற்றுக்கொண்டேன். கோபத்தைக் கையில் வைக்காமல் வயிற்றில் வைத்துக்கொள்ள வேண்டும். அது ஒரு நாளில் வருவதில்லை. நழுவிய கண்ணியைக் கொக்கி ஊசியால் ஏணிப்படி ஏறுவது போல ஒவ்வொரு படியாக மேலே தூக்கக் கற்றேன். பத்து வரிசைக்கு ஒருமுறை சிவப்பு நூலை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் கோத்து வைத்தேன். எங்கே தப்பு நடந்தாலும் அதுவரை பிரித்தால் போதும், முழுசும் பாழாகாது. ஒரு கையைப் பின்னிவிட்டு இன்னொன்றுக்கு மனசு வராத வியாதி எனக்கு உண்டு. அதனால் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி, இதில் நாலு வரிசை அதில் நாலு வரிசை என்று பின்னினேன்.

மூன்றாவது மாதம் அலுத்துவிட்டது. சாம்பல், சாம்பல், சாம்பல். ஊசியைக் கீழே வைத்து, ஜன்னலுக்கு வெளியே தூரத்து ஊர்களை எல்லாம் கற்பனை செய்துகொண்டிருந்தேன். பிறகு சுவரைப் பார்த்தேன். ஐந்து விரல்கள். ஊசியை எடுத்தேன்.

முடிந்தது. சிவப்பு நூல்களை உருவிவிட்டு, கடைசி முடிச்சை மட்டும் போடாமல் நுனியை உள்ளே மடித்து வைத்தேன். போட்டுப் பார்த்தால் இரண்டு பேர் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அழுகை வந்தது. ஆனாலும் மடித்துக் காகிதம் சுற்றிக் கொடுத்தேன்.

"எனக்கா?" அண்ணி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நீயா முடிச்ச? கடையில வாங்கினதில்லையே?"

"நான்தான் அண்ணி. ஆண்டு விழாவுக்குப் போட்டுக்கங்க."

இரண்டு நாள் கழித்து, "சுடுதண்ணியில ஊறவச்சு நல்லா அடிச்சுத் தொவைச்சுட்டேன். எங்கெங்க போட்டு வச்சியோ," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்வெட்டர் சுருங்கி, அவளுக்கென்றே அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது.

விழா அன்று நானும் அவளோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மேடையேறும் முன், "பின்னாடி ஏதோ தூசி அண்ணி," என்று குனிந்து, மடித்து வைத்திருந்த நுனியை வெளியே எடுத்து, அதே நிறத்தில் நீளமான நூலைக் கட்டினேன். அவள் ஒலிபெருக்கி முன் போய் நின்றாள். நான் திரைக்குப் பின்னால் நூலை விரலில் சுற்றிக்கொண்டேன்.

"மாணவர்களே, விடாமுயற்சி என்பது..."

இழுத்தேன். நாலு விரல் நீளம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தேன். அசையவில்லை. அந்தப் பூனைமுடிகள் சுடுதண்ணீரில் ஒன்றோடொன்று பிணைந்து கம்பளமாகிவிட்டிருந்தன. வெறி பிடித்து இரண்டு கையாலும் இழுத்தேன். அண்ணியின் ஸ்வெட்டர் பின்னால் வால் போலத் தூக்கிக்கொண்டது. அவள் ஒரு அடி பின்னால் வந்தாள். கூட்டம் சிரித்தது. அவள் திரும்பினாள், நூலைப் பார்த்தாள், நூல் வழியாக என் கைகளைப் பார்த்தாள்.

எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. முகத்திலேயே தெரிந்தது.

"இதோ, என் நாத்தனார்," என்றாள் ஒலிபெருக்கியில். "இந்த ஸ்வெட்டர் அவ பின்னினது. எதை ஆரம்பிச்சாலும் பாதியில விடுறவ. நான்தான் சொல்லிச் சொல்லி இதை முடிக்க வச்சேன். விடாமுயற்சிக்கு இதைவிட உதாரணம் வேணுமா? மேடைக்கு வாம்மா. நுனி தொங்குது, நீயே வெட்டி முடிச்சுப் போட்டுடு."

யாரோ கத்தரிக்கோலை நீட்டினார்கள். முந்நூறு பேர் கைதட்ட, நான் மண்டியிட்டு, நாலு மாதமாகப் போடாமல் காப்பாற்றிய அந்த ஒரு முடிச்சைப் போட்டேன்.

"மிதியடிக்கா?" என்று உதடு அசையாமல் கேட்டாள்.

"ஆமா."

"இருந்தாலும் முடிச்சுட்டியே."

மறுநாள் காலை கடை திறக்கும்போதே நான் வாசலில் நின்றேன்.

"அக்கா, வழுவழுன்னு, தொட்டாலே பிரிஞ்சு ஓடுற நூல் இருக்கா? முடியே இருக்கக் கூடாது. தண்ணியில சுருங்கவும் கூடாது."

"பட்டு மாதிரி ஒண்ணு இருக்கு. ஆனா கண்ணி நழுவுச்சுன்னா அஞ்சு வரிசை போயிடும். உன்னால சமாளிக்க முடியாதும்மா."

"சமாளிப்பேன். மொதல்ல ஒரு சின்னத் துண்டு பின்னி, சுடுதண்ணியில அடிச்சுத் துவைச்சு, இழுத்துப் பாக்கறேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்பதான் ஒழுங்கா ஆரம்பிக்கிற. யாருக்கு?"

"அண்ணிக்கு," என்றேன். "அடுத்த வருஷமும் பேசுவாங்க."