கனமில்லாத வேலை

"கைக்கட்ட அவுக்காத, வெர்லீன். அவுத்தா போச்சு," என்றான் அவள் கணவன் ஓடிஸ். ஜன்னல் திரையை விரலளவு விலக்கித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கம், காப்பீட்டுக்காரர்கள் வேவு பார்க்க அனுப்பிய சாம்பல் நிறக் கார் இன்னும் நின்றது.

"குளிக்க வேணாமா நான்?"

"ஒரு நாள் குளிக்கலேன்னா என்ன? ஆலையில உன்கூட இருந்த டாரலுக்கு ஆனது மறந்துபோச்சா? முதுகு ஒடிஞ்சவன் புள்ளையத் தூக்கினான்னு படம் புடிச்சு, சம்பளத்தையே நிறுத்திட்டானுங்க."

கோழி ஆலையில் தொடைக்கறியிலிருந்து எலும்பு எடுத்தே பழுதான வலது கை வெர்லீனுடையது. மணிக்கட்டை அறுத்துத் தைத்திருந்தார்கள். வீட்டில் ஓய்வாக இருந்தால் ஆலைக்குக் கெட்ட பெயராம். காயத்தால் வேலைக்கு வராதவர்கள் கணக்கு ஏறிவிடுமாம். அதனால் காப்பீட்டுக்காரர்கள் அவளைத் தேவாலயத்து உணவு உதவி மையத்துக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு கையால் செய்கிற வேலை. போனால் பாதிக்கு மேல் சம்பளம் வரும். போகாவிட்டால் வேலை செய்ய மறுத்தாள் என்று அதுவும் நிற்கும். இதற்குத் தொண்டு என்று பெயர் வைத்தவன் நன்றாயிருக்கட்டும்!

வீட்டில் குளிர்பெட்டி காலி. மையத்தில் அவளைச் சுற்றிலும் பீன்ஸ் டப்பாக்களும் மக்காச்சோள மாவும். ஆனால் ஏப்ரன் கட்டிய தொண்டர்கள் எதையும் எடுத்துப்போகக் கூடாது. மையத்தை நடத்தும் பிக்கெட் அம்மாள் அதில் கறார்.

அன்று லாரி வந்தது. ஆலை தானமாக அனுப்பிய கோழிக்கறிப் பெட்டிகள்.

"சிஸ்டர் வெர்லீன், அதுல ஒண்ணத் தூக்கி மேசை மேல வைம்மா," என்றாள் பிக்கெட் அம்மாள்.

"ஒரு கைதாம்மா எனக்கு."

"நான் எழுபது வயசுல தூக்கலையா? காப்பீட்டுக்காரங்க போன் பண்ணி, நீ எப்படி வேல செய்யறேன்னு கேக்கறாங்க. நான் பொய் சொல்ல முடியாது பாரு."

வாசல் திறந்து கிடந்தது. தெருவில் அதே சாம்பல் நிறக் கார். தூக்கினால் கை சரியாகிவிட்டது என்பான் காரில் இருப்பவன். தூக்காவிட்டால் திமிர் என்பாள் பிக்கெட் அம்மாள். ஐயோ, எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றம்.

அந்த நேரத்தில் ஆலை மேலாளர் கிரேடி கேமராவோடு உள்ளே வந்தார்.

"இந்த வருஷம் நம்ம ஆலையில காயம்னு ஒருத்தர்கூட வீட்டுல உக்காரல! அதுக்கு ஒரு படம் எடுத்துடலாம். வெர்லீன், பெட்டியப் புடிச்சிக்கிட்டு சிரிங்க. குடுக்கறவங்க மேசைக்கு இந்தப் பக்கம், வாங்கறவங்க அந்தப் பக்கம்."

வாங்குகிறவர்களின் வரிசை வாசலைத் தாண்டித் தெருவரை நீண்டிருந்தது. ஷிப்ட் முடிந்த கையோடு ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்தவர்கள் அதில் பாதி. ஆலையில் வெர்லீனுக்குப் பக்கத்தில் நின்று கோழி வெட்டிய லொரிண்டாவும் இருந்தாள்.

"என்னடி, மகாராணி! எங்க கோழிய எங்களுக்கே தானம் பண்ணப் போறியா?"

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லீனுக்குச் சிரிப்பு வரவில்லை. இடது கையால் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். பழக்கமில்லாத கை, இரண்டு முறை நழுவியது. மூன்றாம் முறை அவிழ்ந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள்.

"எங்க போறீங்க?" என்றார் கிரேடி.

"வாங்கறவங்க அந்தப் பக்கம்னு நீங்கதானே சார் சொன்னீங்க."

கிரேடி வரிசையை ஒருமுறை பார்த்தார். அவரிடம் வேலை செய்யும் முகங்கள் ஒவ்வொன்றாய் அவரைத் திரும்பிப் பார்த்தன. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டார்.

வெர்லீன் வரிசையின் கடைசிக்குப் போய், தெருவில் நின்றாள். லொரிண்டாவும் தன் இடத்தை விட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"பைத்தியமா உனக்கு? அங்க பாரு, கார் கண்ணாடிய இறக்கிட்டான். படம் புடிக்கறான்டி!"

வெர்லீன் கட்டுப்போட்ட கையை மார்புக்கு மேலே, நன்றாகத் தெரியும்படி தூக்கிக்கொண்டாள்.

"புடிக்கட்டும். உள்ள கிரேடி சாரு என்னை எடுக்காமயே கேமராவ வச்சுட்டாரு. இவனாவது எடுக்கட்டும்."