தரை தொடாத மாடுகள்

பால்பண்ணைக்காரியின் மாடுகள் எல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நிற்கத் தொடங்கின. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாணம் வழிக்க வசதி என்றுகூடச் சொன்னாள். அவளுக்குப் பிடிபடாதது வேறொரு சின்ன விஷயம்: தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் அவை குடிக்கவில்லை. குடிக்க முன்னங்காலைத் தரையில் ஊன்றியாக வேண்டும். ஊன்றி நாக்கை நனைத்ததும், சூடு கண்ட பூனைபோல வெடுக்கென்று மேலே போய்விட்டன. தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள், தண்ணீரை மாற்றினாள். பால் பாதியானது. அவற்றில் செவலைப் பசுவுக்கு அது தலைச்சன் சினை, நாள் நெருங்கிவிட்டது. படுக்கத் தரை கிடைக்காமல் நின்று நின்று கால்கள் வீங்கியிருந்தன. இப்படியே போனால் தாயும் பிழைக்காது, கன்றும் பிழைக்காது.

"வித்துத் தொலைச்சிடலாம். பறக்குற மாடுன்னா சர்க்கஸ்காரன் ஓடி வருவான்" என்றார் கணவர்.

"நீங்க வேணா போங்க சர்க்கஸுக்கு. செவலை இங்கதான் கன்னு போடும்."

எலக்ட்ரீஷியனான அவளுடைய தம்பி வந்து டெஸ்டரை எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தான், எங்கும் எரியவில்லை. மெயின் சுவிட்சை அணைத்த பிறகும் மாடுகள் இறங்கவில்லை. "கரண்டு இல்லக்கா. மாட்டுக்குத்தான் கொழுப்பு" என்றான். அவன் காலில் ரப்பர் ஷூ, அவள் காலில் முழங்கால் வரை பூட்ஸ். முன்பு ஒருமுறை வழுக்கி விழுந்ததிலிருந்து அந்தத் தொழுவத்துக்குள் யாரும் வெறுங்காலோடு நுழையக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அவள் மாடுகளின் குளம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பூட்ஸைக் கழற்றி, ஈரத் தரையில் நின்று, தொட்டிக்குள் கையை விட்டாள்.

"சுருக்குங்குதுடா. கழட்டு ஷூவ."

அவனும் கழற்றிவிட்டுக் கையை விட்டான். "அய்யோ அம்மா!"

தொட்டிக்கும் தரைக்கும் நடுவே மீட்டரை வைத்தான். இரண்டு வோல்ட். டெஸ்டரை எரியவைக்க அது போதாது; ஈர நாக்கையும் ஈரக் குளம்பையும் சுடுவதற்குப் போதும். வீட்டுக்கு வந்த மின்சாரம் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிப் போக ஒரு கம்பி உண்டு. தெருக்கோடியில் அது இற்றுப்போயிருந்ததால், தெருவின் மின்சாரத்தில் ஒரு பங்கு மண்ணுக்குள் நடந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தது. வழியில் தண்ணீர்க் குழாயில் ஏறி, மாட்டின் நாக்கில் நுழைந்து, காலில் இறங்கியது. மின்வாரியத்து ஆட்கள் வந்து பார்த்து, உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு, கம்பி வர மழைக்காலம் முடிய வேண்டும் என்றார்கள். செவலையின் வயிறு அதுவரை பொறுக்காது.

"காக்கா கம்பியில உக்காருதே, அதுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?"

"ரெண்டு காலும் ஒரே கம்பியில இருக்குல்லக்கா. ரெண்டு எடத்துக்கும் வித்தியாசம் இருந்தாத்தான் நடுவுல ஓடும்."

"அப்ப தரையையும் தொட்டியையும் ஒரே கம்பியாக்கு."

மறுநாளே தரையை உடைத்தார்கள். விற்கச் சொன்ன கணவர்தான் முதலில் கடப்பாரையைத் தூக்கினார். இரும்பு வலையை விரித்து, தொட்டி, குழாய், தூண் அனைத்தையும் அதோடு பற்றவைத்தான் தம்பி. வாசலில் ஏறும் மாட்டுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் வித்தியாசம் தெரியாதபடி, வலையின் ஓரத்தை மண்ணுக்குள் சரிவாக இறக்கினான். அதன்மேல் சிமெண்ட் போட்டார்கள். சிமெண்ட் இறுகும்வரை மாடுகளை எங்கும் மாற்றிக் கட்ட வேண்டியிருக்கவில்லை. அவை ஈரச் சிமெண்டுக்கு மேலே ஒரு சாண் தள்ளியே நின்று அசைபோட்டன. அவள் பிளாஸ்டிக் வாளியை வாய்வரை தூக்கிப் பிடித்துத் தண்ணீர் காட்டினாள்.

சிமெண்ட் இறுகியதும் செவலை ஒரு குளம்பை வைத்துப் பார்த்தது, பிறகு மற்றதை. தொட்டியை அரைவாசி காலி செய்துவிட்டுப் பெருமூச்சோடு படுத்தது. மறுநாள் விடிகாலையில் கிடாரிக் கன்று, தரையில். தெருக்கோடியில் புதுக் கம்பி வரப் பல மழைக்காலங்கள் ஆயின. அந்தக் கன்றே அதற்குள் மூன்று ஈன்றுவிட்டது. கம்பி வந்த பிறகும் பழக்கம் விடாமல், முற்றத்துக்கு வந்தால் மாடுகள் இன்றும் ஒரு சாண் உயரத்தில்தான் போகின்றன. தெருவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தொழுவத்துக்குள் தரை, தொட்டி, குழாய், தூண் நான்கும் ஒரே இரும்பாய் இணைந்திருக்கின்றன. அங்கே அவை நான்கு காலையும் ஊன்றித் தண்ணீர் குடிக்கின்றன.