திரும்பி வந்தவரின் காலடி

ஸ்டூடியோவில் எல்லோரும் அவளைச் 'சத்தம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளோ, கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை என்று இருப்பவள். படத்தில் வரும் காலடி, கதவு, துணியின் உரசல் என்று சகலத்துக்கும் சத்தம் உண்டாக்குவது அவள் பிழைப்பு. ஜன்னல் இல்லாத அறை. தரையில் மணல், சரளை, சருகு என்று தட்டுத் தட்டாக வைத்திருக்கும். மூலையில் பழைய செருப்புகள் குன்றுபோல் குவிந்து கிடக்கும். திரையில் ஊமையாக ஓடும் படத்தைப் பார்த்தபடியே அவள் குடையை விரித்து மூடினால் சிறகு முளைத்த மாயநாகம் ஒன்று பறக்கும். காரட்டை முறித்தால் வில்வீரன் ஒருவனின் கை முறியும். முறிந்த காரட்டை அவளும் ஒலிப்பதிவுக்காரரும் தேநீர் நேரத்தில் கடித்துத் தின்றுவிடுவார்கள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு மாயக்கதைப் படம் வந்தது. ஏரிக்கு அடியில் ஒரு நகரம். அதன் அரசன், தன்னைக் காட்டிக்கொடுத்த ஜனங்களுக்காகவே உயிரை விடுகிறான். கடைசியில் ஒரு விடியலில், கரையில் குனிந்து அழுதுகொண்டிருக்கும் பெண்ணை நோக்கி உயிரோடு நடந்து வருகிறான். பால் கலந்த தண்ணீர் மாதிரி வெளிச்சம். எது பனி, எது அவன் உடை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

"இதுவரைக்கும் யாரும் கேக்காத காலடி வேணும் மேடம்," என்றார் இயக்குநர். "செத்துப் பிழைச்சவன் நடந்து வர்றான். நாம நடக்கிற மாதிரியா இருக்கும்?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள் அவள். உயிர்த்தெழுதல் என்ற சொல்லைக் கேட்டாலே நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாகி மேலெழும். அதற்குச் சத்தம் தேடினாள். கண்ணாடி மணிகளை விரல் நுனியால் தட்டினாள். பட்டுத்துணியை நீருக்குள் அலசினாள். தன் மூச்சையே பதிவுசெய்து பின்னோக்கி ஓடவிட்டாள். ஒவ்வொன்றுக்கும் இயக்குநர் கண்ணை மூடிக் கேட்பார், உதட்டைப் பிதுக்குவார்.

"அழகா இருக்கு மேடம். ஆனா யாரோ வர்ற மாதிரி இல்லையே."

தூக்கத்திலும் அந்த மணிகள் கேட்டன. நீளமான வெள்ளை வராந்தாவில் சத்தம் மட்டும் நடந்து வந்து, அவள் படுக்கையருகில் நின்று, ஆள் இல்லாமலே திரும்பிப் போகும்.

வீட்டில் அக்கா இருந்தாள். அத்தான் இறந்தபின் தங்கை வீட்டு மாடிக்கே வந்துவிட்டாள். சினிமா என்றால் அக்காவுக்கு வேப்பங்காய். தங்கைக்கு வேறு வேலை அமைய வேண்டும் என்று தினமும் ஜெபிப்பாள், அதுவும் சமையலறை வரைக்கும் கேட்கும்படி.

"ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும் அக்கா."

"உனக்குத்தானே கேக்கல. இல்லாத ஊரு, இல்லாத ராஜா. பொய்க்குச் சத்தம் போட்டுக் குடுக்கிற வேலை ஒரு வேலையா?"

"பைபிள்ல வர்ற காணாமப் போன ஆட்டுக்கும் ஊர் பேரு கிடையாது. ஆண்டவரே கதை சொன்னவர்தானே?"

"அது உவமை. இது உடான்ஸ்." அரசன் செத்துப் பிழைக்கும் கதையைக் கேட்டதும் அக்காவுக்கு இன்னும் கோபம் வந்தது. "நம்ம ஆண்டவர் கதையைத் திருடி ஒரு மீன் ராஜாவுக்கு மாட்டிவிட்டிருக்கான் உங்க டைரக்டர்!"

"அவருக்கு நம்பிக்கையே கிடையாது அக்கா. கோயில் பக்கமே போனதில்ல. அந்தக் கதைதான் அவரைப் பிடிச்சுக்கிட்டு விட மாட்டேங்குது."

அக்கா துவைத்த துணியை உதறிய உதறலில் கோபம் தெரிந்தது.

ஒரு நாள் பிற்பகல், மழை வந்ததும் துணி எடுக்க அக்கா மொட்டைமாடிக்குப் போன நேரம், காற்று வீட்டுக் கதவை அறைந்து சாத்திவிட்டது. சாவி உள்ளே மாட்டிக்கொண்டது. மாற்றுச் சாவி தங்கையிடம். வேறு வழியில்லாமல், நனைந்த கோழியாக, வாழ்நாளில் மிதிக்கமாட்டேன் என்றிருந்த ஸ்டூடியோவுக்குள் அக்கா நுழைந்தாள்.

"சாவியைக் குடு. நான் போறேன்."

"மழை விடட்டும். இங்க உக்காரு. பேசாம மட்டும் இரு, பதிவு நடக்குது."

அக்கா திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். விளக்கணைந்ததும் அறை ஏரித்தண்ணீர் நிறத்துக்கு மாறியது. சுவர்களிலும் செருப்புக் குவியலிலும் அலைகள் ஆடின. அக்காவின் புடவையிலும் ஆடின. எப்போது திரும்பினாள் என்று தங்கைக்குத் தெரியாது. பார்த்தபோது அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரசன் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தான். தங்கையின் விரல் நுனியில் கண்ணாடி மணிகள் ஒலித்தன.

"இது என்ன சத்தம்?" என்றாள் அக்கா. பதிவு கெட்டது. ஒலிப்பதிவுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அவர் நடக்கிற சத்தம் அக்கா. செத்து எழுந்து வர்றார்."

"இதைக் கேட்டா அந்தப் பொண்ணு பயந்து ஓடிருவா." அக்கா கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. "உங்க அத்தான் போனப்புறம் நான் ஆண்டவர்கிட்ட என்ன கேட்டேன் தெரியுமா? மோட்சத்தைக் காட்டுங்கன்னு கேக்கல. அவர் படியேறி வர்ற செருப்புச் சத்தத்தை ஒரு தடவை கேக்க வையுங்கன்னு கேட்டேன். இடது காலைக் கொஞ்சம் இழுப்பாரே, அது. எத்தனை நாள் விளக்கு வைக்கிற நேரத்துல காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்! அந்த நேரம் மணிச்சத்தம் கேட்டிருந்தா யாரோன்னு இருந்திருப்பேன்."

மழை எங்கோ வெளியே, சுவருக்கு அப்பால், பஞ்சு போல் பெய்துகொண்டிருந்தது. அத்தான் போனபின் அக்கா அழுது தங்கை பார்த்ததில்லை. இப்போதும் அக்கா அழவில்லை. ஈரமான முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

பைபிளில், ஆண்டவரின் கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டு நின்ற அந்தப் பெண்ணின் நினைவு தங்கைக்கு வந்தது. உயிரோடு வந்தவரை அவள் தோட்டக்காரர் என்றல்லவா எண்ணினாள்! அப்படியென்றால் அவர் தோட்டக்காரரைப் போலத்தானே நடந்து வந்திருக்க வேண்டும், கல்லும் புல்லும் மிதிபட, பாரமுள்ள காலோடு? சிறுவயதிலிருந்து கேட்ட வரிதான். காதில் விழுந்ததில்லை.

குவியலிலிருந்து ஒரு ஜோடி ஆண்கள் தோல்செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சரளைத் தட்டில் ஈரமண்ணைக் கொட்டினாள். படம் மீண்டும் ஓடியது. பேர்பெற்ற நடிகனின் கால்களைப் பார்த்துக்கொண்டே, அவசரமே இல்லாத ஒரு மனிதனைப்போல் நடந்தாள். சரக், சரக். அரசனுக்கு எடை வந்தது. பனிக்குள் ஒரு உடம்பு இருப்பது தெரிந்தது. அது நெருங்க நெருங்க தான் நடக்கிறோம் என்பதே அவளுக்கு மறந்து, யாரோ தன்னை நோக்கி வருகிறார் என்று இருந்தது.

மறுநாள் இயக்குநர் அந்தப் பதிவைக் கேட்டார். "இவ்வளவுதானா?" என்றார் முதலில். பிறகு, "இன்னொரு தடவை," என்றார். பிறகு விளக்கைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"இசையை எடுத்துடலாம்," என்றார் கடைசியில். "அந்தப் பொண்ணு உடனே நிமிர வேண்டாம். கொஞ்ச நேரம் கேட்டுக்கிட்டே இருக்கட்டும்."

படம் வெளிவந்தது. பிரமாதமாகவும் ஓடவில்லை, படுத்துக்கொள்ளவும் இல்லை. தங்கை இரண்டு டிக்கெட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"தியேட்டருக்கெல்லாம் நான் வரமாட்டேன்," என்றாள் அக்கா. "சொன்னா சொன்னதுதான்."

"சரி, வராதே."

அக்கா சற்றுநேரம் கட்டில் விரிப்பின் மடிப்புகளை நீவினாள். "நீ வேணா சொல்லு. ஆரம்பத்திலிருந்து சொல்லணும்."

வாயே திறக்காதவள் அன்று வெயில் சாயும்வரை சொன்னாள். ஏரியின் நிறம், நகரத்தின் வாசல்கள், அரசனைக் காட்டிக்கொடுத்த நண்பன், எல்லாம். அக்கா கால்நீட்டிப் படுத்து, கூரையைப் பார்த்தபடி, நடுநடுவே "ஐயோ பாவி" என்றும் "அதான் பார்த்தேன்" என்றும் சொல்லிக்கொண்டே வந்தாள். அறைக்குள் மெல்ல இருட்டியது. யாருக்கும் எழுந்து விளக்கைப் போட மனம் வரவில்லை.

"திரும்பி வந்தாரே, அந்த ஜனங்க அவரைச் சேத்துக்கிட்டாங்களா?"

"பாதிப் பேர் நம்பவே இல்ல அக்கா."

"நம்பமாட்டாங்க," என்றாள் அக்கா, அடுத்த தெருவில் நடந்ததைக் கேட்டவள்போல. "அப்புறம்?"