மோட்டார் நிற்கும் இடைவெளி

"கொஞ்சம் நகரும்மா, சுவரோரமா நாற்காலி போடணும்" என்று சித்தப்பா மூன்றாவது தடவையாகச் சொன்னார். மகள் நகரவில்லை. முதுகைச் சுவரில் இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டாள்.

"விடுங்க. அப்பா பக்கத்துலயே இருக்கணும்னு நினைக்கிறா" என்றாள் பெரியம்மா. அதைக் கேட்டு நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய நேரம் காலையோடு போய்விட்டது. இப்போது அவள் அசையாததற்குக் காரணம் முதுகுக்குப் பின்னால் இருந்தது. கட்டிலை ஒட்டிய அந்தச் சுவரில், கைத்தடியின் நுனி இடித்துச் சுண்ணாம்பு பெயர்ந்த ஏழு குழிகள். ஏழும் புதுசு.

கட்டிலில் வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தவருக்குத் தெரிந்தவர்கள் வைத்த பெயர் பாதிவிலை. துணிக்கடையில் முப்பத்தைந்து வருடம் விற்பனையாளராக நின்றவர். விற்கிறவன் வயிற்றில் எந்த மூலையில் எவ்வளவு லாபம் உட்கார்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே தொட்டுக் காட்டுவார். எந்தக் கடைக்குப் போனாலும் சொன்ன விலையை இரண்டாக மடித்துத்தான் பேச்சைத் தொடங்குவார். போன வருடம் இதயம் ஒரு தடவை இடறியது. படி ஏறக் கூடாது, உப்பு கூடாது என்று மருத்துவர் சொன்னதில் அவருக்கு வருத்தமில்லை. கடைத்தெருவும் கூடாது என்று அம்மா தன் பங்குக்குச் சேர்த்தாளே, அதில்தான் மனிதர் வாடிப்போனார்.

மகளுக்குப் பழைய மேசை நாற்காலிகளைப் புதுப்பிக்கும் தொழில். வீட்டை ஒட்டிய கொட்டகைதான் பட்டறை. தேய்த்துத் தேய்த்து மணிக்கட்டு வீங்கிப்போகவே, காற்றை டாங்கில் அடைத்துத் தரும் ஏர் கம்ப்ரஸர் ஒன்று வாங்குவதென்று முடிவானது. மெத்தைத் துணி அடிக்கிற ஸ்டேப்ளர், பழைய வார்னிஷைத் தேய்த்தெடுக்கிற சாண்டர், இரண்டையும் காற்றிலேயே ஓட்டலாம். ஒரு வாரம் விசாரித்துத் தாளில் குறித்துக்கொண்டாள். ஸ்டேப்ளர் காற்றைக் கொறிக்கும், சாண்டர் மடக்மடக்கென்று குடிக்கும். அதற்கு நிமிடத்துக்குப் பத்து கன அடி வேண்டும். டாங்கைப் பார்த்து மயங்காதே, பம்பு தருகிற காற்றைப் பார்.

நாலு மாதத்துக்கு முன் அம்மாவிடம் கெஞ்சி அப்பாவும் கூட வந்தார். கடைக்காரர் நியாயஸ்தர். தாளில் இருந்ததையே அவரும் சொன்னார்.

"பெல்ட் போட்ட இதை எடுத்துக்கங்கம்மா. டாங்கு சின்னதுதான், ஆனா பத்துக்குக் குறையாது. சத்தமும் அடக்கம்."

"மூலையில என்ன அது, யானைக்குட்டி கணக்கா?" என்றார் அப்பா.

"அது எண்ணெய் ஊத்தாத டைப்பு ஐயா. டாங்கு ரெண்டு மடங்கு. ஆனா பம்பு அஞ்சுதான் தரும். கத்தும் வேற."

"நானும்தான் கத்துறேன், வீட்ல யாரு கேக்குறா? விலையைச் சொல்லுங்க."

மூன்று முறை கடையை விட்டு இறங்கினார். மூன்றாவது முறை கடைக்காரர் தெரு வரைக்கும் வந்து கூப்பிட வேண்டியதாயிற்று. பணத்தைக் கொடுத்த பிறகும் அப்பா நகரவில்லை.

"காதுல மாட்டுற மூடி ஒண்ணு கொசுறா குடுங்க."

"ஐயா, இது அநியாயம்."

"கத்தும்னு நீங்கதானே சொன்னீங்க? நோயை வித்தவர்தான் மருந்தையும் தரணும்."

மகளின் கையில் தாள் இருந்தது. அப்பா முகத்தில் ஒரு வருடமாகக் காணாத ரத்தம் ஓடியது. அவள் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

யானைக்குட்டி வீட்டுக்கு வந்து பிளிறியது. ஆனாலும் அதோடு வாழப் பழகிக்கொண்டார்கள். டாங்கு நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும்; ஸ்டேப்ளர் வேலையென்றால் அப்புறம் பத்து நிமிடம் வாய் திறக்காது. அந்த இடைவெளிக்காக அப்பா கட்டிலில் காத்திருப்பார். சத்தம் அடங்கியதும் தடியால் பட்டறைப் பக்கச் சுவரில் இரண்டு தட்டு. "மகாராணி! ஒரு வாய் டீ கிடைக்குமா, இல்ல அடுத்த டாங்குக்குத்தானா?" காது மூடியைக் கழற்றிக்கொண்டு அவளும் சுவர் வழியாகவே பதில் கத்துவாள். சாண்டர் பிடித்தால் மட்டும் இடைவெளியே கிடையாது. ஐந்து வருகிற இடத்தில் பத்து செலவு, மோட்டார் மூச்சு விடாமல் ஓடும். அதனால் அம்மா ஒரு சட்டம் போட்டிருந்தாள்: அவர் தனியாக இருக்கும்போது சாண்டர் கூடாது.

இன்று காலை கண் பரிசோதனைக்குக் கிளம்பிய அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள்: "ஸ்டேப்ளர் மட்டும்தானே?"

"ஆமாம்மா. நீ போயிட்டு வா."

ஒரு நாற்காலியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு வார்னிஷ் மிச்சமிருந்தது. பத்து நிமிட வேலை. தாளில் எழுதியிருந்த மெஷினென்றால் பத்து நிமிடம்தான். இதில் காற்று தீர்ந்து தீர்ந்து, மறுபடி நிரம்பக் காத்துக் காத்து, நாற்பது ஆனது. காது மூடியைக் கழற்றி, "அப்பா, டீ போடவா?" என்று கேட்டபடி உள்ளே வந்தாள். எழுந்திருக்கப் பார்த்த வாக்கிலேயே அவர் சரிந்து கிடந்தார். தடி கையிலேயே இருந்தது. மூச்சு இல்லை.

யாரையும் கூப்பிடுவதற்கு முன் அவள் தடியை எடுத்து மூலையில் சாத்தினாள். அவரை நேராகப் படுக்கவைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "தூக்கத்துலயேவா?" என்றார்.

"ஆமா டாக்டர்."

அந்த ஒரு சொல் அப்புறம் வீடு முழுக்கத் தானாகவே நடமாடத் தொடங்கிவிட்டது. நல்ல சாவு என்றார்கள். பெண் கூடவே இருந்தாளே, கொடுத்துவைத்தவர் என்றார்கள். "கடைசியில எமன்கிட்டயும் பேரம் பேசி வலியைத் தள்ளுபடி பண்ணிட்டாருப்பா" என்றார் துணிக்கடைக் கூட்டாளி. எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, அதை முடிப்பதற்குள் அழுகை வந்தது. அவளுக்கு மட்டும் இரண்டும் வரவில்லை.

நாலு மணிக்கு எடுத்தார்கள். அப்போது அவள் எழுந்துதான் ஆகவேண்டியிருந்தது. நல்லவேளை, எல்லோர் கண்ணும் வாசலில் இருந்தது.

போனவர்கள் திரும்பிவந்து, சொல்லிக்கொண்டு, ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சித்தப்பா வெளியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அம்மா காலிக் கட்டிலின் ஓரத்தில் சுவரைப் பார்க்க உட்கார்ந்தாள். 

"கடைசியா ஏதாவது கேட்டாரா?"

பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. டீ கேட்டாரும்மா. அதை வைத்துக்கொண்டு அம்மா மிச்ச நாளை ஓட்டிவிடுவாள்.

"எனக்குக் கேக்கலம்மா."

அம்மா திரும்பவில்லை.

"ஸ்டேப்ளர் இல்ல. சாண்டர் போட்டேன்."

அம்மா எழுந்து உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தேவைக்கு மேல் வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பிறகு, நுனியை நனைத்த துண்டோடு வந்தாள்.

"இப்படி வெளிச்சத்துக்கு வா. திரும்பு."

காது மூடி அழுத்திய இடம் சுத்தமாக இருந்தது. அதைச் சுற்றி, காதுக்குப் பின்னால், மரத்தூள் பிறை மாதிரி வளைந்து ஒட்டியிருந்தது.

"மத்தியானம் என்னைக் கட்டிக்கிட்டு நின்னியே, அப்பவே பார்த்தேன்" என்றாள் அம்மா. "நீயா சொல்லுவியான்னுதான்..."

 கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள், தோல் எரிந்தது. துண்டின் நுனி பழுப்பானதும் அதை உள்பக்கமாக மடித்து, சுத்தமான இடத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தக் காதைக் காட்டு."