ஷாலினிக்கு ஆறு வயது

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாதாமாதம் அனுப்பும் அறிக்கையில் உயிரோடு பிறந்த குழந்தைகளுக்கு ஆண், பெண் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. இறந்து பிறந்த குழந்தைகளுக்கு ஒரே கட்டம்தான். எத்தனை என்று போட்டால் போதும். ஐந்து வருடமாக அந்தக் கட்டங்களை நிரப்புவது நான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில் கடலைப் பார்த்துத் திரும்பினால் வருகிற ஓர் ஊரில் இருக்கிறது எங்கள் நிலையம். நான் அங்கே கணினியில் பதிவு செய்பவள்.

அந்த ஒற்றைக் கட்டத்தில் பெரும்பாலும் சைபர்தான் வரும். ஒன்று என்று போடவேண்டிய மாதத்தில் மட்டும் என் விரல் கொஞ்சம் நிற்கும். ஆறு வருடங்களுக்கு முன்னால் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி அனுப்பிய அறிக்கையில், யாரோ ஒருத்தி போட்ட அப்படிப்பட்ட ஒன்றுதான் என் குழந்தை.

எனக்கு அவள் வெறும் ஒன்றாக இருந்ததில்லை. பெண் குழந்தை என்று அம்மா சொல்லியிருந்தாள். யாருக்கும் தெரியாமல் மேரி ஷாலினி என்று பெயர் வைத்திருந்தேன். அங்கன்வாடியில் எடை எடுத்த பெண் குழந்தைகள் நூற்றுப் பன்னிரண்டு என்று திரையில் வந்தால், எனக்குள் நூற்றுப் பதிமூன்று. இந்த வருடம் பள்ளி மருத்துவக் குழு கொடுத்த பட்டியலில் ஒன்றாம் வகுப்புப் பெண்களின் உயரங்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசையில் நின்றால் ஷாலினி கடைசியிலிருந்து மூன்றாவதாக நிற்பாள் என்று முடிவு செய்தேன். அவள் அப்பா, என் கணவர் ஆன்டோவின் உயரம் அவளுக்கு வந்திருக்கும்.

இதையெல்லாம் துக்கம் என்று நான் நினைத்ததில்லை. வேலைக்கு நடுவில் ஒரு பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு வருவது போலத்தான்.

ஜூன் மாதம் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கடந்த இரண்டு வருடங்களில் இறந்து பிறந்த குழந்தைகளை ஆண், பெண் எனப் பிரித்து அனுப்ப வேண்டும். வந்த எண்ணிக்கையில் இந்த விவரம் இல்லாததால் காரணம் எதுவும் ஆராய முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். எங்கள் எல்லைக்குள் மொத்தம் ஒன்பது. கிராம சுகாதார செவிலியர் விருத்தாம்பாள் அக்கா வீடு வீடாகப் போய் எழுதும் பதிவேட்டை எடுத்தேன். பெண் ஏழு, ஆண் இரண்டு. சரிபார்க்க, பிரசவம் நடந்த ஆஸ்பத்திரிகளின் பதிவைக் கணினியில் திறந்தேன். பெண் நான்கு, ஆண் ஐந்து.

மூன்று குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஆணாகவும் ஊருக்கு வந்ததும் பெண்ணாகவும் இருந்தார்கள்.

விருத்தாம்பாள் அக்கா மங்கலம்பேட்டைப் பக்கமிருந்து மாற்றலாகி வந்து மூன்று வருடம் ஆகிறது. தடுப்பூசிப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னா பெலிசியா, மூஞ்சி இப்பிடிக் கெடக்கு? கம்ப்யூட்டரு கடிச்சிடுச்சா?"

"உங்க நோட்டுல தப்பு இருக்குக்கா. மூணு பேரு. ஆணப் போயி பொண்ணுன்னு எழுதியிருக்கீங்க."

"எந்த மூணு, காட்டு." கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார். "தப்பில்லடி. பத்து நாள் கழிச்சு நான் வீட்டுக்குப் போறேன். பெத்தவளக் கேக்கறேன். பொண்ணுங்கறா. எழுதறேன். அவளுக்கு என்னா சொல்லி வச்சிருக்காங்களோ அதான எனக்கும்."

"ஏன் மாத்திச் சொல்லணும்?"

"நீ ஒண்ணு. ஆம்பளப் புள்ள போச்சுன்னு தெரிஞ்சா பெத்தவ தேறுவாளா? பொண்ணுன்னு சொல்லிட்டா, சரி, அடுத்தது பாத்துக்கலாம்னு எழுந்து ஒக்காந்துருவா. இங்க சில வீட்ல பெரிய மனுசிங்களே பேசி வச்சுக்குவாங்க. அஞ்சம்மா இல்ல, தீபிகாவோட மாமியா, அதுவே எங்காதுல வந்து சொல்லுச்சு. ‘நர்சம்மா, அது பையன்தான். நோட்டுல பொண்ணாவே இருக்கட்டும், மருமவ படிச்சவ, எட்டிப் பாப்பா’ன்னு." பெட்டியை மறுபடி தோளில் மாட்டினார். "பொண்ணு செத்தா எவளும் பையன்னு மாத்திச் சொல்றதில்ல பாரு. அதான் உன் கணக்கு ஒரே பக்கமா சாஞ்சிருக்கு."

அவர் போன பிறகு அந்த மூன்று வரிகளை மறுபடி பார்த்தேன். ஆறு வருடத்துக்கு முன்னால் சிதம்பரத்தில் நான் படுத்திருந்த பிரசவ வார்டின் பச்சைச் சுவர் எனக்கு ஞாபகம் வந்தது. மயக்கம் தெளிந்தபோது அம்மா என் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பொம்பளப் புள்ளதாண்டி. போவுது, வுடு." நான் பார்க்கவேண்டும் என்றேன். "வாணாம். பாத்தா கனவுல வரும்."

அம்மாவின் அந்த ‘போவுது வுடு’வை நான் மன்னிக்கவே இல்லை. என் மகளை இவ்வளவு எளிதாக விடச் சொல்கிறாளே என்று உள்ளே ஒரு வெறி பிடித்தது. யாரும் தேடாத குழந்தையை நானாவது வைத்துக்கொள்ளவேண்டும் என்று அன்றைக்கே அவளை எடுத்துக்கொண்டேன். ஷாலினி அந்தச் சொல்லிலிருந்துதான் எனக்குப் பிறந்தாள் என்று இப்போது தோன்றியது. அந்தச் சொல்லே பொய் என்றால், ஆறு வருடமாக என்னோடு வளர்ந்தவள் யார்?

கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் பிக்மி எண் என்னுடையது எனக்கு மனப்பாடம். அடித்துப் பார்த்தால் ஒரு நிமிட வேலை. முதல் நான்கு எண்களை அடித்தேன். அழித்துவிட்டேன். திரை சொல்லி எனக்குத் தெரியக்கூடாது. பொய் எந்த வாயிலிருந்து வந்ததோ அந்த வாயே சொல்லட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிதம்பரம் பஸ் ஏறினேன். ஆன்டோவுக்குச் செம்மங்குப்பம் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். புதுச்சத்திரம் தாண்டும்வரை திரும்பிப் போய்விடலாமா என்றே இருந்தது. கேட்காதவரை அவள் இருப்பாள். கேட்டுவிட்டால் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அம்மா பின்கட்டில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, என் பிரசவ ஃபைலு எங்க வச்சிருக்க?"

அவள் முகம் மலர்ந்தது. "முழுவாம இருக்கியா? சொல்லவே இல்ல பாரு கள்ளி!"

"அதில்லம்மா." எதிரில் உட்கார்ந்தேன். "எனக்குப் பொறந்தது பையனா?"

அவள் கையில் இருந்த இறால் அப்படியே நின்றது.

"யாரு சொன்னா? ஆன்டோவா?"

வேறு பதில் தேவைப்படவில்லை. ஆனாலும் கேட்டேன். "அவருக்குத் தெரியுமா?"

"அவன்தானடி குழியில எறக்குனான்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "நாந்தான் சத்தியம் வாங்குனேன், உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு. திட்டணும்னா என்னத் திட்டு."

நான் திட்டவில்லை. அவளே தானாகப் பேசினாள்.

"உனக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு அப்பிடிப் போச்சு. உங்கிட்ட சொன்னதில்ல. பையன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. உங்கப்பா ஒரு வருஷம் எம்மூஞ்சியப் பாத்துப் பேசல. நீ பொறந்து கையில வாங்குனப்பகூட அந்த மனுசன் அவனத்தான் தேடுனாரு. அந்தப் பாடு உனக்கு வாணாம்னு நெனச்சேன். பொண்ணுன்னா நீ சீக்கிரம் மறந்துடுவேன்னு நெனச்சேன்."

"மறக்கலம்மா."

"தெரியுது," என்றாள்.

கிண்ணத்தில் உரித்த இறால்கள் வெள்ளையாகச் சுருண்டு கிடந்தன. ஒரு காகம் மதில்மேல் வந்து உட்கார்ந்தது. அம்மா அதை விரட்டக்கூட இல்லை.

"எப்படி இருந்தான்?" என்று கேட்டேன்.

ஆறு வருடமாக அவளும் அதைச் சொல்லக் காத்திருந்தாள் போல. தடையில்லாமல் வந்தது. "தல நெறைய முடிடி. ரெண்டு காதும் அப்பிடியே ஆன்டோ காது, வெளியத் தள்ளிக்கிட்டு. வலது காலு சுண்டு வெரலு மட்டும் உன்னுது மாதிரி உள்ள மடங்கியிருந்துச்சு. கழுவும்போது நீட்டிப் பாத்தேன். மறுபடி மடங்கிக்கிச்சு."

நான் என் காலைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து இறாலை உரித்து முடித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் அந்த மடங்கிய விரலைப் பிடித்துக்கொண்டு ஒரு பையனை நினைத்துப் பார்க்க முயன்றேன். காது வந்தது, முடி வந்தது, முகம் வரவில்லை. ஜன்னலோரம் எப்போதும் போல ஷாலினிதான் உட்கார்ந்திருந்தாள். மகன் இன்னும் வந்து சேரவில்லை. மகள் இறங்கிப் போகவும் இல்லை. அவளுக்காக அழலாம் என்றால், பிறக்கவே பிறக்காத ஒருத்திக்காக எப்படி அழுவது?

முன்பு ஒரு தடவை இருட்டில் ஆன்டோவிடம் "நம்ம பொண்ணு இருந்திருந்தா" என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். மகள் என்பதால் அவருக்கு அக்கறையில்லை என்று நினைத்துப் பல நாள் பேசாமல் இருந்தேன். ஒரே கட்டிலில் அவர் மகனுக்காகவும் நான் மகளுக்காகவும் முதுகைக் காட்டிப் படுத்திருந்திருக்கிறோம்.

அந்த ஞாயிறு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து வந்தவரிடம் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "அவனுக்குக் காது உங்களுதாமே," என்றேன். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. "ஆமா," என்றார். பிறகு, "கொஞ்சம் பெருசு," என்றார். அவர் தோள் குலுங்குவதை நான் பார்த்ததே அன்றுதான்.

திங்கட்கிழமை ஆண் ஐந்து, பெண் நான்கு என்று அறிக்கையை அனுப்பினேன். விருத்தாம்பாள் அக்காவின் பதிவேட்டில் திருத்தவேண்டிய மூன்று வரிகள் பாக்கி இருந்தன. பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாய் இருந்தாள். மூடி வைத்துவிட்டேன்.

புதன்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனை. தீபிகா வந்தாள், இது மூன்றாவது மாதம். அஞ்சம்மாள் வெளியே வேப்பமரத்தடியில் யாருடனோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். முந்தைய பிரசவம் என்ற இடத்துக்கு நான் வந்ததும், நான் கேட்பதற்கு முன்பே அவள் சொன்னாள்.

"பொண்ணு. ஏழு மாசம் ஆவுதுக்கா." குரல் தணிந்தது. "இருந்தா குப்புற விழுந்து தவழ ஆரம்பிச்சிருக்கும்."

என்னைப் போலவே இவளும் எங்கோ வைத்து வளர்த்துக்கொண்டிருக்கிறாள்.

என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மா தீர்மானித்தாள், ஆன்டோ சத்தியம் செய்தார், வரவேண்டிய துக்கம் எது என்று எனக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். இவளுக்கு நான் சொல்லிவிட்டால் அதுவும் இன்னொரு தீர்மானம்தான். சொல்லாமல் விட்டாலும் தீர்மானம்தான்.

"தீபிகா, ஆஸ்பத்திரில எழுதுனது இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கு. உன்னோடது, நீ பாக்கலாம். வீட்ல சொன்ன மாதிரியே இருக்கணும்னு இல்ல. பாக்கணும்னா காட்டறேன். வாணாம்னா மூடிடறேன். இன்னிக்கி இல்லன்னாலும் என்னிக்கி வேணா வா."

அவள் என்னையே பார்த்தாள். படித்தவள், சீக்கிரம் புரிந்துகொண்டாள். கை தானாக வயிற்றுக்குப் போனது.

"ஏ தீபிகா! ஆச்சா, இல்ல இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று வெளியிலிருந்து அஞ்சம்மாள்.

"வரேன் அத்த, இருங்க!" திரும்பி என்னிடம் மெல்லக் கேட்டாள். "நான் ஒரு பேரு வச்சிருக்கன்கா. பாத்துட்டா அந்தப் பேரு என்னா ஆவும்?"

"தெரியல," என்றேன். "என்னோடது இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

அவள் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டாள். நான் திரையை அவள் பக்கம் திருப்பினேன்.