ரமணிக்குக் கிடைத்த மூச்சு

ஜார்ஜ்டவுனின் பழைய தேவாலயம் ஒன்றில் இருக்கும் பரோக் காலத்து ஐரோப்பியக் குழாய் ஆர்கன், சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை ரமணிக்குத் தன் மூச்சில் கொஞ்சம் கொடுத்தது. அன்று மீன் விலை ஏறியிருந்தது, மழை இல்லை.

கடலுக்கு அக்கரையில் இருக்கும் பிறை என்ற ஊரில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள் ரமணி. கடும் காய்ச்சலொன்றில் நுரையீரல் சுருங்கிப்போய், பல மாதங்களாக வீட்டோடு கிடந்தாள். ஒரு வாக்கியத்தை முடிக்கும் அளவுக்கு மூச்சு நிற்காது. இதற்கு மேல் தேறாது என்று டாக்டர் அன்று சொல்லிவிட்டார். அவள் கணவன் குகன் காரை வீட்டுக்குத் திருப்ப மனமில்லாமல் தேவாலய வாசலில் நிறுத்தினான். ஆர்கனைப் பார்வையிடலாம் என்று அங்கே எழுதிப் போட்டிருந்தார்கள். இருவரும் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள். தேவாலயத்துக்குள் வந்தது அதுவே முதல் தடவை.

ஆர்கன் வாசிக்கும் ஜெயராஜ் தோல் துருத்தியைக் காட்டி, இதுதான் இதன் நுரையீரல் என்றார். ரமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் மிகத் தாழ்ந்த சுரத்தை அழுத்தினார். கூரையைத் தொட்டு நின்ற பெரிய குழாய் முழங்கியது. அதன் வாயிலிருந்து வந்த காற்று, பழைய மரவாசனையோடு, ரமணியின் நெஞ்சுக்குள் போய் அங்கேயே தங்கிவிட்டது. அவள் உதட்டில் நிறம் வந்தது. கணவன் பக்கம் திரும்பினாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து நீங்க படுக்காம உக்காந்துகிட்டே என் மூச்சைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க, எனக்குத் தெரியும்லா, சொல்லத்தான் மூச்சு இல்ல, இனிமே படுத்துத் தூங்குங்க."

குகன் அங்கிருந்த பெஞ்சிலேயே படுத்து, மாலைப் பூசை முடியும்வரை தூங்கினான். யாரும் எழுப்பவில்லை.

மறுநாளிலிருந்து அந்தக் குழாய் ஒலிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பழுதுபார்ப்பவர், குழாயில் குறையே இல்லை, காற்றுதான் அதற்குள் நிற்க மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். விஷயம் தெரிந்ததும் ரமணி பதறியடித்து வந்தாள். திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், எப்படி என்றுதான் தெரியவில்லை என்றாள்.

ஜெயராஜ் யோசிக்கக்கூட இல்லை. "ஆயிரத்துச் சொச்சம் குழாய் இருக்கும்மா இதுல. உங்களுக்கு ஒரு நெஞ்சுதான். வச்சுக்குங்க."

நன்றியை எப்படிச் செலுத்துவதென்று தெரியாமல் அவள் ஞாயிறுதோறும் பாடகர் குழுவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கினாள். அந்தச் சுரம் வரும் இடத்தில் வாயைத் திறந்தால் போதும், குழாயின் குரலே வரும், பெஞ்சுகள் அதிரும். முதல் வாரம் சனங்கள் திரும்பிப் பார்த்தார்கள், அடுத்த வாரம் பார்க்கவில்லை. இப்போது ரமணி மறுபடியும் பிறைக்கு வேலைக்குப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் விழுகிற வாரங்களில், அந்தச் சுரம் இல்லாத பாட்டுகளாகப் பார்த்து ஜெயராஜ் வாசிக்கிறார்.