மாடிப்படியில் மாப்பிள்ளை

மஞ்சள் பூசிய மாப்பிள்ளை நிக்காஹ் முடிகிறவரை வாசல் தாண்டக்கூடாது, மலைக்காட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது என்பது வாணியம்பாடி சகிலாவின் கட்டளை. மகன் பாஷா கேட்கிற ஆளா? தினம் கர்லாக்கட்டை சுற்றும் உடம்பாயிற்றே! ஒடுகத்தூரில் விற்கிற தேனெல்லாம் வெல்லப்பாகு என்று மணப்பெண் ஃபரீதா சலித்துக்கொண்டதாக யாரோ அவன் காதில் போட்டிருந்தார்கள். அது போதாதா?

அம்மா சொந்தக்காரர்களை அழைக்கப் போன நாளில் ஆலங்காயம் பஸ் பிடித்து, மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டுக்கு நடந்தே ஏறி, கூட்டாளி சடையனிடம் ஒரு புட்டி மலைத்தேன் வாங்கினான். ஏறும்போது மூச்சு வாங்கியதோடு சரி. மெதுவாக இறங்கச் சொல்லிச் சடையன் கத்தக் கத்த, குதித்துக் குதித்து இறங்கினான். அம்மா வருவதற்குள் நல்ல பிள்ளையாக வீட்டில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் தொடை பிடித்துக்கொண்டது. அதற்கடுத்த நாள் நிக்காஹ். ஒடுகத்தூரில் பெண் வீட்டு ஜமக்காளத்தில் உட்காரப் போனவன் பாதியிலேயே தொப்பென்று விழுந்தான். கூட்டம் குசுகுசுத்தது. ஃபரீதாவுக்கு அப்பா இல்லை. பெரியப்பா அமீனுல்லாதான் எல்லாம்.

"மாப்ள காலுக்கு இன்னா?" என்றார் அவர்.

பாஷா அம்மாவைப் பார்த்தான். மலை என்று சொன்னால் அம்மா உயிரை எடுப்பாள். சொல்லாவிட்டால் பெண்ணே போய்விடும். ஊனத்தை மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறீர்களா, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அமீனுல்லா எழுந்தேவிட்டார். சகிலா அழாத குறையாகச் சத்தியம் செய்தாள்.

அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஃபரீதா பெரியப்பாவைக் கூப்பிட்டாள். அவள் யுனானி வைத்தியம் பார்த்துக் காலமான ஹக்கீமின் மகள். அப்பாவுக்கு மருந்து இடித்துக் கொடுத்தே வளர்ந்தவள்.

"பெரியத்தா, அவர மாடி ஏறி எறங்கச் சொல்லுங்க."

பாஷா ஏறினான். நொண்டாமல், லேசாக முனகிக்கொண்டு ஏறிவிட்டான். இறங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, நண்டு மாதிரிப் பக்கவாட்டில், படிக்கு ஒரு "யா அல்லா" போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். திரைக்குப் பின்னால் ஃபரீதாவின் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"ஊனமும் இல்ல, ஒன்னும் இல்ல. மலை எறங்கன காலு. ஏறும்போது தொடைச் சதை சுருங்கித் தூக்குது. எறங்கும்போது ஆள் விழாம இழுத்துப் புடிக்கணும், ஆனா அதுவே நீண்டுகிட்டும் போவுது. பழக்கம் இல்லாத சதை உள்ளுக்குள்ள நார் நாரா அந்துபோவும். நாலு நாள்ல தானா சேர்ந்துடும்."

"மலையா?" சகிலா திரும்பினாள். "மஞ்ச பூசன உடம்போட மலைக்குப் போனியாடா?" சபை நடுவிலேயே மாப்பிள்ளையின் காதைத் திருகினாள். அதைப் பார்த்து முதலில் சிரித்தவர் அமீனுல்லாதான். நிக்காஹ் நடந்தது.

எல்லாம் முடிந்து தனியே விட்டபோது பாஷா புட்டியை நீட்டினான். ஃபரீதா ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு.

"இதுக்காவா போனீங்க? அடுத்த தடவ நானும் வர்றேன். எறங்கும்போது என் பின்னாலயே வாங்க."

பாஷா வேகமாகத் தலையாட்டினான். உடம்பில் வலிக்காமல் மிச்சமிருந்தது கழுத்து ஒன்றுதான்.